மேல்காட்டு மீசைக்காரர்கள்

ஜிபாருக்கு வாய் அதிகம் என்று கிர்கிஸ் நாட்டு மலைகளுக்குள் இருக்கும் சோங்-தால் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. கரகோல் நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் டிரைவரின் மாமியாருக்கு என்ன வியாதி என்பது வரைக்கும் விசாரித்து, கை வைத்தியமும் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வாயில் சில சொற்கள் அறவே கிடையாது என்பதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாயாடிக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை எங்கே கிடைக்கிறது?

எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை நாக்கில் வைக்கக் கூடாது. பெயரைப் போல ஒலிக்கிற சொல்லும் கூடாது. மாமனாருக்குக் 'கல்' என்று பெயர் இருந்தால், மருமகள் சாகும்வரை கல்லைக் 'கெட்டியானது' என்று சொல்லியே காலத்தை ஓட்டுவாள். பெரும்பாலான பெண்களுக்கு இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. ஒரு பெயரும் இரண்டு சொற்களும் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம்.

ஜிபாருக்கு வாய்த்தது வேறு மாதிரி. அவள் மாமனாருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. அடுத்துப் பிறந்தவனுக்கு அவனைப் பெற்றவர்கள் கொங்குஸ் என்று பெயர் வைத்தார்கள். வண்டு என்று அர்த்தம். சாவு வந்து எட்டிப் பார்த்தாலும், 'சே, வண்டுதானே' என்று திரும்பிப் போய்விடட்டும் என்று ஒரு கணக்கு. அது பலித்ததும், அதற்கடுத்துப் பிறந்தவனுக்குக் குர்ட் என்று வைத்தார்கள். அது புழு. இரண்டு பேரும் நரைத்த தாடி நெஞ்சில் படும்வரை வாழ்ந்தார்கள். சாவை ஏமாற்றிய பெருமை பெற்றவர்களுக்குப் போனது, பாரம் மட்டும் மருமகள் தலையில் இறங்கியது.

அதுவும் காட்டுக்குள் குடித்தனம். ஜிபார் பிறந்தது எங்கள் பெரிய ஏரிக்கு மேற்கே, பாலிக்சி என்ற ஊரில், ரயில்வேக்காரர் வீட்டில். அங்கே காற்று உண்டு, மண் உண்டு, மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எசெங்குல்லைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய இடமோ காட்டுக் காவலர் வீடு. சுவர் மரம், கூரை மரம், வாசலைத் தாண்டினால் மலை உச்சி வரை ஊசியிலைக் கராகாய் மரங்கள். மரம் இருக்கிற இடத்தில் வண்டும் புழுவும் இல்லாமல் எப்படிப் பேச்சு நடக்கும்? மருமகளாக வந்த முதல் வாரத்தில் மாவுப் பானையைத் திறந்தவள் திகைத்து நின்றாள். புழு என்று சொல்ல முடியாது. பிறகு மாமியாரிடம் போய், "அத்தே, மாவுல உங்க கொழுந்தனார் நெளியறாரு" என்றாள். மாமியார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது. அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த மாமியாரும் ஒரு காலத்தில் மருமகளாக வந்தவள்தானே. புருஷன் பெயரை அவளும் சொன்னதில்லை. அவளிடம் மாற்றுச் சொற்கள் ஒரு மூட்டை இருந்தன. காய்ந்த தயிர்க்கட்டியான குருத், குர்ட் பெயருக்குப் பக்கத்தில் வருவதால் 'வெள்ளை உருண்டை' ஆனது. கராகாய் மரத்தைக் குடைகிற கறுப்பு வண்டுக்கு, அதன் தலையில் நீண்டிருக்கும் இரண்டு கொம்பு மயிரைப் பார்த்து, 'மீசைக்காரர்' என்று பெயர். பெரியவர் பெயருக்குப் பதிலாக நிற்கிற சொல் என்பதால் மரியாதை குறையக் கூடாது. மீசைக்காரர் வந்தார், மீசைக்காரர் உட்கார்ந்தார் என்றுதான் பேச வேண்டும். ஜிபார் வந்த முதல் குளிர்காலத்தில், சுவரில் இருந்த, சரியாகத் தோல் உரிக்காத ஒரு கட்டை கிர்க் கிர்க் என்று சத்தம் போட்டது. ஜிபார் எலி என்று நினைத்துச் செருப்பால் சுவரைத் தட்டினாள். மாமியார் அடுத்த அறையிலிருந்து, "மீசைக்காரரு சாப்புடுறாரு, விடு, நீ தூங்கு" என்றாள்.

பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தாள். ஜிபாரின் இரண்டு பெண்களும் அதே சொல்லோடு வளர்ந்து, கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போனார்கள். சின்ன மாமனார் குர்ட்டும் ஒரு வசந்தத்தில் போனார். கொங்குஸ் பெரியவர் மட்டும் மிச்சம். தம்பி போன பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் அவருக்கு அத்தா என்று பெயர், சாலையில் போகிறவர்களுக்கு வெள்ளைத்தாடித் தாத்தா. காலையில் வெயில் வந்ததும் சாலையோரம் கிடக்கும் ஒரு மரத்துண்டின் மேல் போய் உட்காருவார். வெயில் போனதும் திரும்பி வருவார். ஜிபார் அவருக்குத் தேநீர் ஊற்றுவாள், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பாள், அவர் பதில் சொல்கிறாரா என்று பார்க்காமல் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மருமகள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில் குழப்பம் மேலிருந்து வந்தது. ஒரு இலையுதிர் காலத்தில் அடித்த காற்று மேல்காட்டில் ஒரு பகுதி முழுக்க மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தைத் தோலோடு போட்டு வைத்தால் அது மீசைக்காரர்களுக்குப் பிரசவ வீடு. எசெங்குல் வன அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னான். வெட்டி அகற்ற அனுமதி வரும் என்றார்கள். வரவில்லை. அப்போதிருந்த தலைவர் ஓய்வு பெற்றார், புதியவர் வந்தார், மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

அடுத்த கோடையும் போய், அதற்கடுத்த கோடையின் ஆரம்பத்தில் ஜிபார் சுள்ளி பொறுக்க மேலே போனாள். நின்றுகொண்டிருந்த மரங்களிலேயே பிசின் கண்ணீர் விட்டிருந்தது. ஊசிகள் உச்சியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தன. மரங்கொத்திகள் பட்டையைக் கொத்திக் கொத்தி அடியில் குப்பை போட்டிருந்தன. தொங்கிய ஒரு பட்டையைப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே மரத்தூள் அடைத்த வளைவு வளைவான வழிகள், தட்டையான வெள்ளைக் குட்டிகள். அவள் தலைத்துணியிலேயே ஒரு மீசைக்காரர் வந்து உட்கார்ந்து இரண்டு மீசையையும் ஆட்டினார். இவ்வளவு பேரை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. சுள்ளியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினாள்.

எசெங்குல்லுக்கு முன்பே தெரிந்திருந்தது. அலுவலகத்தில் சொல்லுங்கள் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவன் தன் பெரிய மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ரம்பக் கோஷ்டிய அனுப்புவாங்க. கெட்டுப்போன மரம் ஒண்ணு விழுந்தா, கூடவே நல்ல மரம் பத்து விழும். பக்கத்துப் பள்ளத்தாக்கப் போய்ப் பாரு, இப்ப மொட்டை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா?"

"நாளைக்கு மொத்தக் காடும் காஞ்சு நின்னா, காவலர் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு கேப்பாங்க. வேலையும் போகும், வீடும் போகும். நான் இந்த வயசுல அத்தாவைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

"வைக்கோல் அறுப்பு முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

எசெங்குல் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவன் ஒன்றைச் சொல்லாமல் மறைத்தான். காவல் சுற்றப் போகிற சாக்கில், மோசமான மரங்களை அவனே பார்த்து வெட்டி, தோலுரித்து, தோலை எரித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நம்பினான். அனுமதி இல்லாமல் காவலன் ஒரு மரத்தில் கோடாலி வைத்தால் அவன் காவலன் இல்லை, திருடன். அந்தப் பயத்தில்தான் பொண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள், ஆளுக்கொரு பக்கமாக நின்று.

வைக்கோல் முடியும்வரை காத்திருக்கிற பொறுமை ஜிபாரின் வம்சத்திலேயே கிடையாது. எசெங்குல் குதிரையில் கிளம்பிப் போன ஒரு மத்தியானம், செல்போன் சிக்னல் எடுக்கிற மேட்டில் ஏறி நின்று அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தது புதுத் தலைவர் அப்திகாபரே. தெற்கிலிருந்து, வால்நட் காடுகள் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டிக்காரர், நேர்மையானவர். தன் காலத்தில் ஒரு மரத்திருடனையாவது கையோடு பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. பழைய தலைவராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கு அந்தக் குடும்பம் தெரியும், பெரியவர் பெயரும் தெரியும். பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோனது. மிச்சப் பாதியில் நடந்தது இதுதான்.

"மேல்காட்டுக் காவலர் வீட்டுலேர்ந்து பேசுறேன். அவருதான் சொல்லச் சொன்னாரு. மீசைக்காரங்க உள்ள பூந்துட்டாங்க."

"யாரு?"

"மீசைக்காரங்க. மரம் மரமா முடிச்சுக்கிட்டு வர்றாங்க."

"எத்தனை பேரு?"

"அதை யாரு எண்ணுறது? ஒரு மரத்துக்கே இருபது பேரு இருப்பாங்க."

அப்திகாபர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இத்தனை பெரிய கோஷ்டியை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ரம்பம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"அவங்களுக்கு எதுக்கு ரம்பம்? வாயே ரம்பம்தான்."

வாயே என்பதைக் காற்று தின்றுவிட்டது. ரம்பம்தான் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, போன வருஷமே வந்துவிட்டார்கள், இத்தனை நாள் பதுங்கியிருந்தார்கள் என்றாள். அப்படியானால் காவலர் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அவர் மடக்கினார். இங்கேதான் ஜிபாரின் வாய் அவளை மீறியது. புருஷன்தான் சொல்லச் சொன்னான் என்று ஆரம்பித்ததை மறந்து, "வைக்கோல் முடியட்டும்னு இருக்காரு" என்று உள்ளதை உளறிவிட்டாள். உடனே அப்திகாபர் குரலைத் தாழ்த்தி, இந்த விஷயத்தை யாரிடமும் மூச்சு விடாதே, காவலரிடமும் விடாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பூச்சிக்கு இவ்வளவு ரகசியம் எதற்கு என்று ஜிபாருக்கு ஒரு நொடி தோன்றியது. பெரிய மனிதர்கள் எதையும் பெரிதாகத்தான் செய்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது.

அவர்கள் மறுநாளே வந்தார்கள். அப்போது ஜிபார் அக்கரையில் மாடுகளோடு இருந்தாள். இக்கரையில் வீடு, வீட்டை ஒட்டிச் சாலை. நடுவில் பனி உருகி வெள்ளமாக ஓடுகிற ஆறு. பாலம் மேலே, வளைவைத் தாண்டி இருந்தது. ஜீப் ஒன்று வந்து வீட்டு வாசலில் நிற்பதை அவள் பார்த்தாள். ஜாம் ஜாடியைத் திறந்து வைக்கணும், ரொட்டி மிச்சமிருக்கா என்றுதான் அவளுக்கு முதலில் ஓடியது.

வாசலில் நடந்ததை எசெங்குல் பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறான். அப்திகாபர் வருகிற வழியிலேயே பைனாகுலரில் சரிவைப் பார்த்துவிட்டார். புதிதாக வெட்டின அடிமரங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. வாசலிலோ தோலுரித்த கட்டைகள் அடுக்கியிருந்தன. மீசைக்காரர்கள் என்ற சொல்லை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தடயத்தை வெளியே விட அவர் என்ன விவரம் கெட்டவரா? கூட வந்த போலீஸ்காரர்களுக்கே சொல்லவில்லை. எசெங்குல்லின் மூக்குக்குக் கீழே இருந்த பெரிய மீசையை ஒரு தடவை பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆளுங்க எங்க?"

"எந்த ஆளுங்க அண்ணே?"

"மேல வெட்டினது யாரு?"

எசெங்குல் மறைக்கவில்லை. நான்தான் வெட்டினேன், வண்டு விழுந்த மரம், பரவிடக் கூடாதென்று வெட்டினேன் என்றான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு வண்டு மேல் பழி போடுகிறது என்று அப்திகாபர் போலீஸ்காரரிடம் சொன்னார். பிறகு எசெங்குல் பக்கம் திரும்பி, "உன் வீட்லேர்ந்தே தகவல் வந்துடுச்சு. கோஷ்டி, ரம்பம், போன வருஷத்துலேர்ந்து நடக்குற வேலை, எல்லாம் உன் பொண்டாட்டியே சொல்லிட்டா. இப்ப எதுக்கு வண்டுக் கதை?" என்றார்.

வேலை போவதோ ஜெயிலோ எசெங்குல்லுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஜிபார் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பது மட்டும்தான் உறைத்தது. எதிர்த்துப் பேசாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். கோடாலியை ஒரு போலீஸ்காரர் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அக்கரையிலிருந்து ஜிபார் பார்த்தது அந்தக் கோடாலியைத்தான். பால் பாத்திரம் கையிலிருந்து நழுவியது. பூச்சிக்கு எவன் போலீஸ் கூட்டி வருவான்? முந்தின நாள் பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எத்தனை பேர் என்று கேட்டார். ரம்பம் இருக்கிறதா என்று கேட்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். மாமியார் வீட்டுச் சொல் மாமியார் வீட்டுக்கு வெளியே செல்லாது என்பது அவளுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது. தன் வாயாலேயே புருஷனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

கரையோரமாக ஓடினாள். ஓடிக்கொண்டே, மீசைக்காரங்க மனுஷங்க இல்லை, அவரை விடுங்க, நான் சொன்னது வேற என்று கத்தினாள். ஆற்றுச் சத்தம் அத்தனையையும் விழுங்கியது. ஜீப்பில் ஏறப்போன போலீஸ்காரர் அவளைப் பார்த்து, தகவல் சொன்ன பெண்மணி நன்றி சொல்கிறாள் போலிருக்கிறது என்று கையை ஆட்டினார். வண்டி கிளம்பியது.

பாலத்துக்கு ஓடினால் ஜீப் கீழே போய்விடும். நீளமாகச் சொன்னால் ஆறு விடாது. ஒரே ஒரு சொல்தான் ஆற்றைத் தாண்டிப் போகும். அந்தச் சொல் எது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குக் கீழே இறக்கி வைத்திருந்த சொல். மாமியார் காதில் விழாத இடத்தில்கூட, குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போதுகூட, தூக்கத்தில்கூட அவள் அதைச் சொன்னதில்லை. சாலையோரம் மரத்துண்டின் மேல் அந்தச் சொல்லின் சொந்தக்காரரே உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் அதைச் சொல்வதும் அவர் தாடியைப் பிடித்து இழுப்பதும் ஒன்று.

ஜிபார் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கொங்குஸ்! கொங்கு...ஸ்!"

ஜீப்புக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, மரத்துண்டின் மேல் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். அக்கரையைப் பார்த்தார். மறுபடியும் அவள் கத்தினாள். பெரியவர் எழுந்தார். கொஞ்ச நாளாக யாராவது கை கொடுத்தால்தான் அவர் எழுவது வழக்கம். அன்றைக்குத் தானாக எழுந்தார்.

"ஓ...ய்! இதோ வர்றேன்!"

இடம் வலம் பார்க்காமல் ஆற்றை நோக்கி நேராகச் சாலையில் இறங்கினார். டிரைவர் பிரேக்கை மிதித்ததில் அப்திகாபரின் தொப்பி முன் கண்ணாடியில் போய் முட்டியது. எசெங்குல், "அத்தா!" என்று அலறிக்கொண்டு கதவைத் தள்ளினான். அப்திகாபர் இறங்கினார். பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டி ஒன்று நிற்கிறது என்பதே அவருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது.

"தாத்தா, நடு ரோட்டுல என்ன பண்றீங்க?"

"என்னைக் கூப்புடுறாங்க."

"யாரும் உங்களைக் கூப்புடலை. அந்தம்மா என்னமோ வண்டு வண்டுன்னு கத்துது."

"அதான். நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"கொங்குஸ். என் பேரு."

அப்திகாபர் பெரியவரைப் பார்த்தார். அக்கரையில் தலைத்துணி அவிழ்ந்து தொங்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தார். அவள் உங்களுக்கு யார் என்று கேட்டார். என் மருமகள் என்றார் பெரியவர். அப்திகாபர் தெற்கத்திக்காரராக இருக்கலாம், ஆனால் அவரும் கிர்கிஸ்காரர்தானே. அவர் வீட்டிலும் பொண்டாட்டி கரண்டியை 'அள்ளுறது' என்றுதான் இன்றைக்கு வரை சொல்கிறாள், அவர் சித்தப்பா ஒருவருடைய பெயரின் புண்ணியத்தில். தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அப்படியானால் நேற்று மீசைக்காரர்கள் என்று சொன்னாளே, அது யார் என்று பொதுவாகக் கேட்டார்.

எசெங்குல்லின் முகம் மாறியது. "எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க அண்ணே. மரத்தக் குடையிற வண்டு அது. நீங்க என்கிட்ட மீசைக்காரங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா..."

போலீஸ்காரர்களில் ஒருவர், கரகோலில் ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ரஷ்யர்களும் அந்தப் பூச்சியை மீசைக்காரன் என்றுதான் சொல்வார்கள் என்றார். இதை நேற்றே சொல்வதற்கென்ன என்று அப்திகாபர் அவர்மேல் பாய்ந்தார். நீங்கள் எங்களிடம் சொன்னால்தானே என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். அப்திகாபர், பெரியவர் உட்கார்ந்திருந்த மரத்துண்டின் மேலேயே போய் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சிரித்துவிட்டதால் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மேல்காட்டுக்கு ஏறிப் போய் எல்லாவற்றையும் பார்த்தார். பட்டைக்கு அடியில் இருந்த வழிகளை விரலால் தடவிப் பார்த்தார். எசெங்குல் வெட்டினவை எல்லாம் கெட்ட மரங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார், கேட்காமல் வெட்டியதற்கு வாங்கு வாங்கென்று வாங்கினார். வேலைக்கு ஆபத்தில்லை, வீடும் தப்பியது. அந்த மாதமே ரம்பக் கோஷ்டி வந்தது. அப்திகாபர் கூடவே நின்றும், எசெங்குல் பயந்தபடி நல்ல மரங்களும் கொஞ்சம் போயின. அதற்காக அவன் இன்றைக்கும் முணுமுணுக்கிறான். ஜிபார் கேட்டுக்கொள்வதில்லை. காடு நிற்கிறது என்கிறாள்.

ஜீப் வந்த அன்று சாயங்காலம் மட்டும் ஜிபாருக்கு வாயே இல்லை. எசெங்குல் அவள் பக்கத்தில் வந்து, நான் வெட்டினதை உன்னிடம் சொல்லியிருக்கணும் என்றான். அவளும் நான் பேசினதை உங்களிடம் சொல்லியிருக்கணும் என்றாள். அது அதோடு முடிந்தது. முடியாதது வேறு. பெரியவர் முகத்தில் எப்படி முழிப்பது? தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, புதுப்பெண் போலப் பக்கவாட்டில் நின்று தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அத்தா, வேற வழி தெரியலை. மன்னிச்சிருங்க."

பெரியவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"உன் மாமியா ஒரு நாளும் என் பேரைச் சொன்னதில்ல" என்றார். "அவ சொல்லக் கூடாது, சரி. எங்க அம்மா சொல்லுவா. அப்புறம் தம்பி சொல்லுவான். வேலி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ஏ கொங்குஸ், செத்துட்டியா இருக்கியான்னு கேப்பான். அவனும் போயிட்டான்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு முன்னாடியே அந்தப் பேரு செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேன் பிள்ளே. இன்னொரு தடவை கூப்புடு."

ஜிபார் எசெங்குல்லைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாயைத் திறந்தாள், வரவில்லை. மறுபடி திறந்தாள். தேநீர்க் கிண்ணத்துக்குச் சொல்வது போல அத்தனை மெதுவாகச் சொன்னாள்.

பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"கேக்கல. அக்கரைலேர்ந்து கூப்புட்ட பாரு, அந்த மாதிரி."

ஜிபார் எழுந்தாள். கதவைத் திறந்து வெளியே போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வளைவு வரை நடந்து, பாலத்தைக் கடந்து, அக்கரையோரமாகத் திரும்பி வந்து, வீட்டுக்கு நேர் எதிரே நின்றாள். பெரியவர் வாசலில் வந்து நின்றிருந்தார். தலைத்துணியை ஒதுக்கி, கைகளை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மூச்சு முழுவதையும் இழுத்து, மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஓய்!" என்றார் கொங்குஸ்.